பெட்டியை மாற்றிவிடலாம், கார் ஏற்றுக்கொள்ள வேண்டுமே!

நிறுத்தி வைத்த காரில் மழையே இல்லாமல் வைப்பர் தானாக ஓடுகிறது. இன்னொரு நாள் சென்ட்ரல் லாக் திறக்க மாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் காலையில் வந்து பார்த்தால் பேட்டரி காலி. தனித்தனியாகப் பார்த்தால் மூன்று கோளாறு. ஆனால் இன்றைய கார்களில் மூன்றுக்கும் உத்தரவு போகிற இடம் ஒன்றுதான்: டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு பெட்டி. பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்று பெயர், சுருக்கமாக பிசிஎம். விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு, கண்ணாடி, ஹாரன் எல்லாம் இதன் பொறுப்பு.

கை பழகிய எலக்ட்ரீஷியனுக்கு இதைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை இல்லை. விஷயம் அதற்குப் பிறகுதான். புதுப் பெட்டியை மாட்டியதும் கார் ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். பெட்டியில் எந்தக் குறையும் இருக்காது. "நீ யாரு?" என்று கார் கேட்கிறது, அவ்வளவுதான்.

வைப்பரையும் விளக்கையும் கவனிக்க வந்த பெட்டிக்கு, வண்டி ஓடலாமா வேண்டாமா என்று சொல்லும் அதிகாரம் எப்படி வந்தது? பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தேடிப் படித்ததைக் கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

யாரையும் கேள்வி கேட்காத ரிலே

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912 கேடிலாக் காரில் வந்தது. கைப்பிடியைச் சுழற்றி இன்ஜினைக் கிளப்பும் வேலை போனது. காருக்குள் பேட்டரி நிரந்தரமாகக் குடியேறியது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகளுக்கு விதி எளிமையானது: ஒரு வேலைக்கு ஒரு சுவிட்ச், ஒரு ஃப்யூஸ், ஒரு வயர். அதிக மின்சாரம் இழுக்கும் ஹெட்லைட், ஹாரன் மாதிரியானவற்றுக்கு நடுவில் ஒரு ரிலே.

ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். இவை ஜெர்மானியத் தர நிர்ணயமான டிஐஎன் 72552 இல் இருந்து வந்தவை. 30 இல் பேட்டரி, 87 இல் விளக்கு, 85க்கும் 86க்கும் நடுவில் காயில். இந்த நான்கு எண்ணையும் ஒரு டெஸ்ட் லாம்ப்பையும் வைத்துக்கொண்டு பல நாட்டு வண்டிகளில் வேலை பார்க்கலாம். கெட்ட ரிலேயைப் பிடுங்கிவிட்டு அதே வகை நல்ல ரிலே ஒன்றைச் செருகினால் வண்டி ஏற்றுக்கொள்ளும். எந்தக் கடையில் வாங்கினாய், எந்த வண்டியில் இருந்து கழற்றினாய் என்று ரிலே கேட்காது. இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க அதைப் பற்றியதுதான்.

செம்பைக் குறைக்க வந்த பெட்டி

பவர் விண்டோ, சென்ட்ரல் லாக், மின்சாரக் கண்ணாடி, ஏசி, எச்சரிக்கை விளக்குகள் என்று வசதிகள் கூடக் கூட வயர்களும் பெருகின. ஓட்டுநர் கதவில் இருந்து நான்கு கண்ணாடிகளையும் இறக்க வேண்டுமென்றால், அத்தனை வயர்களும் கதவுக் கீலின் சின்ன ரப்பர் குழாய் வழியாகப் போக வேண்டும். வயர்க் கட்டு தடிமனானது, எடை ஏறியது, கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி மடங்கி உள்ளேயே அறுந்தது.

1980களில் சிப் விலை இறங்கியது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் விலை உயர்ந்த கார்களில் பாடி கண்ட்ரோல் கம்ப்யூட்டரை வைத்தது. 1986 மாடல் ப்யூக் ரிவியேராவில் தொடுதிரையே உண்டு. கோளாறுக் குறியீடுகளையும் அதிலேயே பார்க்கலாம். ஸ்மார்ட்போன் பரவலாவதற்கு ஏறத்தாழ இருபது வருடம் முன்பு!

அதே 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் நடந்த எஸ்ஏஇ மாநாட்டில், ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் மூன்று ஆண்டுகளாக உருவாக்கி வந்த ஒன்றை அறிமுகப்படுத்தியது. பெயர் கேன். ஊவே கீன்கே, சீக்ஃப்ரீட் டைஸ், மார்ட்டின் லிட்ஷெல் மூவரும் அதை முன்வைத்தார்கள். 1987 இல் இன்டெல் அதற்கான சிப்பைக் கொண்டுவந்தது. 1990களின் தொடக்கத்தில் மெர்சிடிஸின் எஸ் கிளாஸ் கார்களில் ஏறியது. 1993 இல் ஐஎஸ்ஓ 11898 என்ற பன்னாட்டுத் தரமானது.

கேனின் யோசனை அழகானது. முறுக்கிய இரண்டு வயர், அதில் எல்லாப் பெட்டிகளும் தொங்கும். ஒரு பெட்டி பேசினால் மற்ற எல்லாவற்றுக்கும் கேட்கும். இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால், எந்தச் செய்தியின் அடையாள எண் சிறியதோ அது தொடரும், மற்றது வாயை மூடிக்கொண்டு காத்திருக்கும். நடுவர் கிடையாது, செய்தியும் சிதையாது. நெட்வொர்க்கில் வேலை செய்கிறவர்களுக்கு இதைப் படிக்கும்போது கைதட்டத் தோன்றும்.

ஆனால் அந்த வடிவமைப்பில் ஒன்று இல்லை. செய்தி என்ன என்று சொல்லும் எண் உண்டு. யார் அனுப்பினார் என்று நிரூபிக்கும் எதுவும் கிடையாது. மூடிய காருக்குள் ஓடும் வயர்தானே, அந்நியன் எங்கே வரப்போகிறான் என்ற நம்பிக்கை. அப்போதைக்கு அது தப்பான கணக்கும் இல்லை.

பெட்டி காவல்காரன் ஆன கதை

இன்னொரு பக்கம் கார்த் திருட்டு. 1986 கார்வெட் காரின் சாவியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு சின்ன மின்தடையைப் பதித்தது. மொத்தம் 15 அளவுகள். சாவியின் அளவு காருக்குள் இருக்கும் அளவோடு பொருந்தினால்தான் ஸ்டார்ட் ஆகும். 15 என்பது திருடனுக்குப் பெரிய எண் இல்லை. அடுத்த தலைமுறையில் சாவிக்குள் ரேடியோ சிப் வந்தது. அதுதான் இம்மொபிலைசர். ஐரோப்பாவில் 1995 இன் உத்தரவு ஒன்றின் வழியாக, 1998 அக்டோபரில் இருந்து புதிய கார்களுக்கு அது கட்டாயமானது.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. நெதர்லாந்துத் தரவுகளை வைத்து இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை, 1995 முதல் 2008 வரையிலான காலத்தில் இம்மொபிலைசர் கார்த் திருட்டைச் சுமார் 40 சதவீதம் குறைத்ததாக மதிப்பிடுகிறது. இதை மறந்துவிட்டு கார் நிறுவனங்களைத் திட்டுவது நியாயமாகாது.

இந்தக் காவலை எந்தப் பெட்டியில் வைப்பது? சில கார்களில் தனிப் பெட்டி, சிலவற்றில் ஸ்பீடோமீட்டர் பலகை. பல கார்களில் பிசிஎம். காரணம் வசதிதான். கதவு, ரிமோட், இக்னிஷன் எல்லாவற்றின் செய்தியும் ஏற்கெனவே அங்கேதான் வந்துகொண்டிருந்தது. செம்பை மிச்சம் பிடிக்க வந்த பெட்டியின் கையில், யாரும் பெரிதாகக் கவனிக்காமலே சாவிக்கொத்தும் வந்து சேர்ந்தது.

இன்றைக்கு ஒரு பிசிஎம் போனால்

முதலில், அது நிஜமாகவே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். விலை உயர்ந்த பெட்டி என்பதால் பழியும் முதலில் அதன் மேல்தான் விழும். ஆனால் வரிசை வேறு. பேட்டரி வோல்டேஜ். ஃப்யூஸ். அப்புறம் பாடி எர்த். துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட் போதும், கார் பேய் பிடித்த மாதிரி ஆடும். அடுத்து தண்ணீர். வைப்பருக்குக் கீழே இருக்கும் வடிகால் இலை தழை அடைத்து, மழைநீர் உள்ளே இறங்கி, கனெக்டர் பின்களைப் பச்சை பூக்க வைக்கும். பேட்டரி இறங்குகிறதென்றால், காரைப் பூட்டிவிட்டு எல்லாப் பெட்டிகளும் தூங்கும்வரை காத்திருந்து அளக்க வேண்டும். 50 மில்லியாம்பியருக்குள் இருப்பது பொதுவான கணக்கு. அதற்கு மேல் போனால் ஏதோ ஒன்று தூங்க மறுக்கிறது.

பிறகு ஸ்கேனர். யு என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகள் வந்தால், ஒரு பெட்டி மற்றொன்றின் குரலைக் கேட்கவில்லை என்று அர்த்தம். குரல் கேட்காததற்குப் பெட்டியும் காரணமாக இருக்கலாம், வயரும் காரணமாக இருக்கலாம். கேன் வயரின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை இருக்கும். எனவே பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு வயருக்கும் நடுவில் அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. மீட்டர் ஒன்று கையில் இருந்தால் போதும், இது வரைக்கும் ரிலே காலத்து எலக்ட்ரீஷியனின் அறிவு அப்படியே கைகொடுக்கும்.

அதற்கு மேல்தான் சுவர். புதுப் பெட்டிக்கு மூன்று விஷயம் சொல்லித்தர வேண்டும். இந்தக் காரில் எந்தெந்த வசதி உண்டு என்ற அமைப்பு விவரம், இந்தக் காரின் சேசிஸ் எண், இந்தக் காரின் சாவிகளோடும் இன்ஜின் கம்ப்யூட்டரோடும் ரகசிய அறிமுகம். மூன்றாவதற்குப் பல நிறுவனங்களின் சர்வரில் இருந்து அனுமதி வர வேண்டும். அனுமதி இல்லாதவர்கள் பழைய பெட்டியின் நினைவகச் சிப்பைப் படித்துப் புதியதில் நகல் எடுக்கிறார்கள். பழைய சிப் உயிரோடு இருந்தால் அது நடக்கும். தண்ணீரில் மூழ்கிய பெட்டியில் அந்த வாய்ப்பும் குறைவு.

சட்டம் எங்கே நின்றது

"எல்லாக் காருக்கும் ஒரே சாக்கெட், ஒரே ஸ்கேனர் என்றுதானே சொன்னார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயமான ஓபிடி 2, புகையைக் கட்டுப்படுத்தப் பிறந்தது. எனவே புகையோடு தொடர்புள்ள இன்ஜின் விவரங்கள் எல்லோருக்கும் பொதுவாயின. கதவும் வைப்பரும் புகை விடுவதில்லை! அந்த விவரங்கள் பெரும்பாலும் நிறுவனங்களின் கையிலேயே தங்கின.

அந்த இடைவெளியை நிரப்ப 2012 இல் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் வாக்களித்துப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2014 ஜனவரியில் அதையொட்டி நாடு முழுவதற்குமான ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது.

நம் நாட்டிலும் பெரிய வழக்கு ஒன்று நடந்தது. 2011 இல் ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் கொடுத்தார். உதிரி பாகமும் பழுது கண்டறியும் கருவியும் வெளிச்சந்தையில் கிடைப்பதில்லை, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற இடத்துக்கே போக வேண்டியிருக்கிறது என்பதுதான் சாரம். 2014 ஆகஸ்டில் ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சுதந்திர மெக்கானிக்குகளுக்கும் பாகங்களும் கருவிகளும் கிடைக்க வேண்டும் என்றது. வழக்கு மேல்முறையீடுகளுக்குப் போனது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் வாகனங்களும் ஒரு பிரிவு.

பூட்டு யாரைத் தடுக்கிறது?

நிறுவனங்களின் பதில் எப்போதும் ஒன்றுதான்: திறந்துவிட்டால் திருடனும் வருவான். நாற்பது சதவீதக் கணக்கைப் பார்த்த பிறகு அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் இன்னொரு சம்பவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2022 இல் லண்டனில் இயன் டேபர் என்பவரின் கார் திருடு போனது. அவரே வாகனப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர். அவரும் கென் டின்டெல் என்ற பொறியாளரும் துருவிப் பார்த்து, 2023 இல் விவரத்தை வெளியிட்டார்கள். திருடர்கள் சாவியைத் தொடவே இல்லை. பம்பரை இழுத்து, ஹெட்லைட் கனெக்டரைப் பிடுங்கி, அங்கே வரும் கேன் வயரில் ஒரு கருவியைச் செருகியிருக்கிறார்கள். "செல்லுபடியாகும் சாவி வந்துவிட்டது" என்று அந்தக் கருவி சொன்னதைக் கார் நம்பியது. யார் சொன்னது என்று கேட்கும் வழி 1986 வடிவமைப்பில் இல்லையே!

ஆக, வாசலில் நின்று அனுமதி கேட்கும் மெக்கானிக்கைக் கார் தடுக்கிறது. பக்கவாட்டில் நுழைந்த திருடனை உள்ளே விடுகிறது. பூட்டு தேவையா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, தேவைதான். சாவிக்கொத்து யாரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் 2021 இல் இதற்கு ஒரு வழி வகுத்தது. மெக்கானிக்கின் பின்னணியைச் சரிபார்த்துச் சான்று கொடுப்பது, சான்று பெற்றவருக்குப் பூட்டு, சாவி சம்பந்தப்பட்ட விவரங்களைத் தருவது. செய்த வேலை பதிவாகும், கைவரிசை காட்டினால் மாட்டுவார். மென்பொருள் உலகில் தினமும் செய்கிற காரியம்தான் இது: கதவையே அடைக்காமல், வருகிறவரை அடையாளம் கண்டு உள்ளே விடுவது.

அந்த மாதிரி ஓர் ஏற்பாடு இங்கே வரும்வரை, உங்கள் காரின் பிசிஎம் போய்விட்டது என்று யாராவது சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். எர்த்தும் கனெக்டரும் பார்த்தாச்சா? புதுப் பெட்டியைக் காருக்கு அறிமுகப்படுத்துவது யார், அதற்கு எவ்வளவு? இரண்டாவதற்குப் பதில் தெரியாமல் பெட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள்.