ஆங்கில மரபுத்தொடர்களும் அருப்புக்கோட்டைத் தறியும்

சொற்களின் நேர்ப்பொருளைக் கூட்டிப் பார்த்தால் கிடைக்காத வேறொரு பொருளைத் தரும் தொடர் மரபுத்தொடர் எனப்படும். திருச்சுழி வட்டாரத்து மானாவாரி நிலத்தை ‘வானம் பார்த்த பூமி’ என்கிறோம். பூமிக்குக் கண் இல்லை. ஆயினும் மழையை மட்டுமே நம்பிய நிலம் என்பது இங்குள்ள சிறு பிள்ளைக்கும் விளங்கும். அதே பிள்ளை ஆங்கிலப் பாடத்தில் ‘ஆன் டென்டர்ஹுக்ஸ்’ என்ற தொடரைக் கண்டால் திகைத்து நிற்கிறது. பொருளை மனப்பாடம் செய்கிறது. தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறது. ‘நமக்கு ஆங்கிலம் வராது’ என்ற எண்ணம் பல மாணவர்களிடம் இப்படித்தான் வேரூன்றுகிறது. ஆனால் இத்தொடர்களில் பல, அருப்புக்கோட்டை மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் நெசவுத் தொழிலில் பிறந்தவை.

மனப்பாட முறையின் பழமை

பார்த்து எழுதுவதும் ஒப்பிப்பதுமே மொழிக் கல்வி என்ற பழக்கம் புதிதன்று. பின்னாளில் ரமண மகரிஷி எனப் பெயர் பெற்ற வேங்கடராமன் 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவர். மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, பாடத்தைச் சரியாகப் படிக்காததற்காக, அலெக்சாண்டர் பெயின் எழுதிய ஆங்கில இலக்கண நூலின் ஒரு பாடத்தை மூன்று முறை எழுதிவரும்படி அவருக்குத் தண்டனை தரப்பட்டது. 1896 ஆகஸ்ட் 29 அன்று இரண்டு முறை எழுதி முடித்தவர், மூன்றாவது முறை எழுதாமல் விட்டுவிட்டார். அன்றே வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். அவர் சென்றது ஆன்மிக நாட்டத்தால். எனினும் அக்காலத்தில் ஆங்கிலம் எவ்வாறு கற்பிக்கப்பட்டது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒரு சான்று. இன்றும் பொருளறியாமல் பத்து முறை எழுதும் பிள்ளைகள் உண்டு.

நெசவு தந்த தொடர்கள்

இடைக்கால இங்கிலாந்தின் செல்வத்திற்கு ஆட்டு ரோமமும் கம்பளித் துணியும் அடிப்படையாக இருந்தன. ஆகவே அத்தொழிலின் சொற்கள் பொதுப் பேச்சிலும் கலந்தன.

டென்டர்ஹுக்ஸ்: நெய்த கம்பளித் துணியை அலசியபின் அப்படியே விட்டால் கோணலாகச் சுருங்கிவிடும். எனவே ‘டென்டர்’ என்ற மரச்சட்டத்தில், வளைந்த ஆணிகளில் மாட்டி, இழுத்துக் கட்டிக் காயவைத்தனர். அந்த ஆணிகளே டென்டர்ஹுக்ஸ். முடிவு தெரியாமல் மனம் இழுபட்டுத் தவிக்கும் நிலையை இத்தொடர் குறிக்கும். தெருவில் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவதைப் பார்த்த பிள்ளைக்கு இந்த இழுவிசை புரியும். ‘முள்ளின் மேல் இருப்பது போல’ என்பது நம் வழக்கு.

டைட் இன் த வுல்: நெய்த துணியில் ஏற்றிய சாயத்தைவிட, நூற்பதற்கு முன்பே ரோமத்தில் ஏற்றிய சாயம் உறுதியாக நிற்கும். ஆகவே இத்தொடர் கொள்கையில் சற்றும் மாறாதவரைக் குறிக்கிறது. தமிழில் இதன் மறுபக்கம் உண்டு. பொய்வேடம் கலைந்தவனைச் ‘சாயம் வெளுத்துவிட்டது’ என்கிறோம்.

துணிக்கேற்பச் சட்டையை வெட்டு: ஜான் ஹேவுட் 1546-இல் வெளியிட்ட பழமொழித் தொகுப்பிலேயே இது இடம்பெற்றுள்ளது. வரவுக்கு ஏற்பச் செலவு செய் என்பது பொருள். நாம் ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்போம்.

ஷாடி: யார்க்ஷயர் பகுதியின் பேட்லி ஊரில் 1813-இல் பெஞ்சமின் லா என்பவர், பழைய கம்பளிக் கந்தல்களைக் கிழித்துப் புதிய ரோமத்துடன் கலந்து நூற்கும் முறையைக் கண்டார். அத்துணிக்கு ‘ஷாடி’ என்று பெயர். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இத்துணியால் தைத்த சீருடைகள் விரைவில் நைந்துபோயின. அதனால் தரமற்ற எதற்கும் அப்பெயர் நிலைத்தது.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

ஒரே பொருளை வைத்து இரு மொழிகளும் வெவ்வேறு கருத்தைச் சொல்லலாம். ‘ஸ்பின் எ யார்ன்’ என்பதன் நேர்ப்பொருள் நூல் நூற்றல். மாலுமிகளின் பேச்சிலிருந்து பரவிய இத்தொடருக்கு நீண்ட கதையளத்தல் என்று பொருள். இதை ‘நூல் விட்டுப் பார்த்தல்’ என்று எழுதினால் தவறு. அது ஒருவர் மனத்தைச் சோதித்தறிவது. ‘கயிறு திரித்தல்’ என்பதே இதற்கு நெருங்கிய வழக்கு.

‘ரெட் டேப்’ என்பதைச் ‘சிவப்பு நாடா’ என்று அப்படியே தமிழாக்கினோம். அரசு ஆவணக் கட்டுகளைச் சிவப்பு நாடாவால் கட்டும் வழக்கத்தால், அது அலுவலகத் தாமதத்தைக் குறிக்கலாயிற்று. ஆனால் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு நாடா என்றால் பாவுக்குள் ஊடை நூலைக் கொண்டு ஓடும் கருவி. எந்த நாடா என்று ஆசிரியர் விளக்கினால்தான் தொடர் விளங்கும்.

எதிர்த்திசையில் ஒரு முயற்சி

நம் வழக்குகளை ஆங்கிலேயருக்கு உணர்த்தவும் முயற்சிகள் நடந்தன. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் பணியாற்றிய பீட்டர் பெர்சிவல், 6,000-க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1874-இல் சென்னையில் வெளியிட்டார். ஒரு மக்களின் பேச்சை அறிய அவர்களுடைய பழமொழிகளை அறிய வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆங்கிலம் கற்கும் நம் மாணவருக்கும் இது பொருந்தும்.

கற்கும் முறை

ஒரு மரபுத்தொடரைக் கண்டால் மூன்று கேள்விகள் கேட்டுப் பழகலாம். இது எந்தத் தொழிலில் அல்லது நிகழ்ச்சியில் பிறந்தது? இன்று எதைக் குறிக்கிறது? இதே கருத்தை நம் வீட்டில் எப்படிச் சொல்வார்கள்? மூன்றாம் கேள்விக்கு விடை பெரும்பாலும் தாத்தா பாட்டியிடம் கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, ‘விண்ட்ஃபால்’ என்பது காற்றில் தானே உதிர்ந்த பழம். எதிர்பாராத வரவைக் குறிப்பது. கரிசலில் பருத்தி விளைவித்து, தறியில் சேலை நெய்யும் மக்கள் இதற்கு என்ன சொல்வார்கள்? ‘பருத்தி புடவையாய்க் காய்த்தது போல’ என்பார்கள். இப்படிக் கற்ற பிள்ளைக்கு அந்த ஆங்கிலச் சொல் மறக்காது. பாட்டியின் பழமொழியும் கூடவே நிலைக்கும்.