லிவர்பூல் ரசிகர்களும் பீட்டில்ஸ் தடங்களும்

இங்கிலாந்தின் வடமேற்கில், மெர்சி ஆறு கடலில் கலக்குமிடத்தில் உள்ள துறைமுக நகரம் லிவர்பூல். பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜான் லெனான், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் 1940க்கும் 1943க்கும் இடையில், போர்க்காலத்தில், இங்கேதான் பிறந்தார்கள். உலகம் அவர்களை அறியும் முன்பே லிவர்பூல் இளைஞர்கள் அவர்களைப் பக்கத்துத் தெருப் பையன்களாக அறிந்திருந்தார்கள்.

அந்த நெருக்கம் வளர்ந்த இடம் கேவர்ன் கிளப். மேத்யூ தெருவில் 10ஆம் எண் பண்டகசாலைக்கு அடியிலிருந்த செங்கல் நிலவறையில், 1957 ஜனவரியில் ஜாஸ் இசைக்கென்று தொடங்கப்பட்டது அது. பீட்டில்ஸ் என்ற பெயரில் குழு அங்கே முதலில் வாசித்தது 1961 பிப்ரவரியில், ஒரு மதிய நிகழ்ச்சியில். அருகிலிருந்த அலுவலகங்களிலும் கடைகளிலும் வேலை பார்த்த பெண்கள் உணவு இடைவேளையில் இறங்கி வந்து, வியர்வை வழியும் சுவர்களுக்கிடையே நெருக்கியடித்துக் கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்புவார்கள். குழு தங்களுடையது என்ற உரிமையுணர்வு அவர்களிடம் வலுவாக இருந்தது. 1962 ஆகஸ்டில் டிரம்மர் பீட் பெஸ்ட் நீக்கப்பட்டு ரிங்கோ ஸ்டார் வந்தபோது, கேவர்னிலேயே எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. அந்தத் தகராறில் ஜார்ஜ் ஹாரிசனின் கண் கறுத்து வீங்கியது. குழு அங்கே கடைசியாக வாசித்தது 1963 ஆகஸ்ட் 3ஆம் நாள். அதன் பிறகு நால்வரும் லண்டன்வாசிகள் ஆனார்கள். லிவர்பூல் ரசிகர்களிடம் மிஞ்சியவை இடங்கள் மட்டுமே.

அந்த இடங்களின் அருமையை நகர நிர்வாகம் உணர வெகுகாலம் பிடித்தது. 1966 பிப்ரவரியில் கேவர்ன் கடனில் மூழ்கி மூடப்பட்டபோது, இளைஞர்கள் உள்ளே புகுந்து வாசலை அடைத்துக்கொண்டு போராடினார்கள். அதே ஆண்டு ஜூலையில் பிரதமர் ஹெரால்ட் வில்சன் கையால் அது மீண்டும் திறக்கப்பட்டது. 1973இல் மீண்டும் திறக்கும் வாய்ப்பும் இல்லாமல் போனது. சுரங்க ரயில் பாதைக்குக் காற்றோட்டக் குழாய் அமைக்க வேண்டும் என்று சொல்லிக் கட்டடத்தை இடித்தார்கள்; அந்தக் குழாய் அங்கே கட்டப்படவே இல்லை. இடிப்புக்குப் பின் அந்த மனை வாகன நிறுத்தமாகக் கிடந்தது. லிவர்பூல் தன் இசை வரலாற்றுக்குச் செய்த மிகப் பெரிய தீங்கு இதுதான். ஜான் லெனான் 1980 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகே நகரின் மனநிலை மாறியது. 1984இல், பழைய மனையின் பெரும்பகுதியை உள்ளடக்கி, பழைய செங்கற்கள் பலவற்றையும் பயன்படுத்திப் புதிய கேவர்ன் எழுந்தது.

வீடுகளுக்கு அந்தக் கதி நேரவில்லை. ஃபோர்த்லின் சாலையில் பால் மெக்கார்ட்னி வளர்ந்த மாநகராட்சிக் குடியிருப்பை, பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1995இல் வாங்கியது. மென்லவ் அவென்யூவில் லெனான் தன் பெரியம்மா மிமியிடம் வளர்ந்த வீட்டை அவர் மனைவி யோகோ ஓனோ 2002இல் வாங்கி அதே அமைப்புக்கு அளித்தார்.

பென்னி லேன் இன்றும் பேருந்துகள் ஓடும் சாதாரணக் குடியிருப்புத் தெரு. 1967இல் அதன் பெயரில் பீட்டில்ஸ் பாட்டு வெளியான பின் பெயர்ப்பலகைகள் அடிக்கடி திருடுபோனதால், பெயரைச் சுவரிலேயே எழுதிவைத்தார்கள். அருகில் வசிப்பவர்களுக்குப் புகழ் கொண்டுவரும் தொல்லையும் சேர்ந்தே வருகிறது.

ரிங்கோ பிறந்த மாட்ரின் தெரு 9ஆம் எண் வீட்டுக்குத்தான் கடைசி ஆபத்து வந்தது. டிங்கிள் பகுதியில், வெல்ஷ் தெருக்கள் எனப்படும் வரிசை வீடுகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத் திட்டம் போடப்பட்டது. ஆட்களை வெளியேற்றிய வீடுகளின் ஜன்னல்களைப் பலகையால் அடைத்தார்கள். உலகெங்குமிருந்து வந்த ரசிகர்கள் அந்த வீட்டின் பலகைகளில் எழுதிவிட்டுப் போனார்கள். குடியிருப்பாளர்கள் சிலரும் ரசிகர்களும் விடாமல் எதிர்த்ததால், 2012இல் அந்த வீடு தப்பியது. ஒரு வீட்டை மட்டும் காட்சிப்பொருளாக நிறுத்திவிட்டு மற்றவற்றை இடிப்பதில் பொருளில்லை என்ற வாதமும் பின்னர் வென்றது. 2015இல் மத்திய அரசு இடிப்புத் திட்டத்தை நிராகரித்தது. சீரமைக்கப்பட்ட வீடுகளில் இப்போது குடும்பங்கள் வாடகைக்கு வசிக்கின்றன.