மருவும் மச்சமும் லேசரும்

தோலின் மீது எழும் மரு, மச்சம், பாலுண்ணி முதலியவற்றுள் பெரும்பாலானவை சுற்றியுள்ள திசுவை அரித்துச் செல்வதில்லை, பிற உறுப்புகளுக்குப் பரவுவதுமில்லை. ஆகையால் மருத்துவம் அவற்றைத் தீங்கற்ற வளர்ச்சிகள் என வகுக்கிறது. உயிருக்கு ஊறு செய்யாத இவற்றை அகற்ற மனிதர் எடுத்துக்கொண்ட பாடு, உயிரைக் குடிக்கும் பல நோய்களுக்கு எதிராக எடுத்துக்கொண்ட பாட்டுக்குச் சற்றும் குறைந்ததன்று. கண்ணுக்குத் தெரிவதாலும், கைக்கு எட்டுவதாலும், சிகிச்சை பிழைத்தாலும் நோயாளி பிழைத்துக்கொள்வார் என்னும் துணிவாலும், புதிதாகக் கண்டறியப்பட்ட ஆற்றல்கள் பலவும் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்ட களங்களுள் ஒன்றாக இவ்வளர்ச்சிகள் அமைந்தன. லேசரும் அந்த வரிசையில் வந்ததே.

மிகப் பழைய கருவி நெருப்பு. சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானம் காரப்பொருள்களால் திசுவைக் கரைக்கும் முறைக்கு ஓர் அத்தியாயத்தையும், சூடிடும் முறையாகிய அக்கினி கருமத்திற்கு அடுத்த அத்தியாயத்தையும் ஒதுக்கி, நெருப்பால் சுடப்பட்ட நோய் மீண்டும் தலைதூக்குவதில்லை என்பதால் காரத்தினும் நெருப்பே மேலானது என்று கூறுகிறது. சித்த மருத்துவம் வகுத்த முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளிலும் சுட்டிகை, காரம் ஆகிய இரண்டும் இடம்பெறுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமாபுரியில் எழுதிய செல்சசு மருக்களைத் தோற்றத்தாலும் இடத்தாலும் பல வகையாகப் பிரித்துக் காட்டினார். அம்மான் பச்சரிசியின் பாலைத் தடவுவதும், குதிரைமயிரால் மருவின் காம்பை இறுகக் கட்டி அது தானே உதிரும்வரை விடுவதும் தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலம் வழங்கிய முறைகள். மயிர்க்கட்டு நீங்கலாக இவை யாவற்றிற்கும் ஒரு பொதுக்குறை உண்டு: சூடோ காரமோ எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை அளந்து நிறுத்தும் வழி கிடையாது. ஆழம் குறைந்தால் மரு திரும்ப முளைத்தது. கூடினால் மரு இருந்த இடத்தில் அதனினும் பெரிய தழும்பு நிலைத்தது. லேசர் வரும்வரை மட்டுமன்று, வந்த பின்னரும் இத்துறையின் மையச் சிக்கல் இதுவாகவே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இயற்பியல் அடுத்தடுத்துப் புதிய ஆற்றல்களை மருத்துவர் கையில் கொடுத்தது. ராண்ட்கன் 1895ஆம் ஆண்டின் இறுதியில் எக்சு கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டே வியன்னாவில் லியோபோல்டு பிராய்ண்டு என்னும் மருத்துவர், முதுகில் மயிரடர்ந்த பெரிய மச்சத்துடன் பிறந்த ஒரு சிறுமிக்கு அக்கதிரைச் செலுத்தினார். மயிர் உதிர்ந்தது, பின்னர் அவ்விடம் ஆறாப் புண்ணாகி, பல பத்தாண்டுகள் கழிந்த பின்னும் அவள் உடலில் அதன் விளைவுகள் காணப்பட்டன. கதிர்வீச்சு மருத்துவத்தின் தொடக்கம் என்று பெருமையுடன் சுட்டப்படும் இந்நிகழ்வு, தீங்கற்றதொரு குறைக்காக ஒரு குழந்தை கொடுத்த விலையையும் உள்ளடக்கியது என்பதை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் விரைந்து கடந்து விடுகின்றன. குளிரும் இவ்வாறே வந்தது. 1899இல் நியூயார்க்கின் கேம்பல் ஒயிட் திரவக் காற்றைப் பஞ்சில் தோய்த்து மருக்களின் மீது வைத்தார். 1907இல் சிகாகோவின் வில்லியம் பியூசி கார்பன் டை ஆக்சைடு உறைபனியைக் கையாண்டார். சுழியத்திற்குக் கீழே 196 பாகை செல்சியசில் கொதிக்கும் திரவ நைட்ரசன் 1950ஆம் ஆண்டளவில் வழக்கத்திற்கு வந்து, இன்றளவும் மருவுக்கான முதன்மையான சிகிச்சைகளுள் ஒன்றாக நீடிக்கிறது. மின்னோட்டத்தால் திசுவைத் தீய்க்கும் கருவி, போவி என்பாரின் வடிவமைப்பில் 1926இல் பாஸ்டன் அறுவை அரங்கில் அறுவை மருத்துவர் குசிங்கின் கைக்கு வந்து, அங்கிருந்து தோல் மருத்துவத்திலும் பரவியது.

தூண்டப்பட்ட ஒளி உமிழ்வு என்பது, ஆற்றலேறிய அணு ஒன்றின் மீது ஒளித்துகள் படும்போது அவ்வணு அதே அலைநீளமும் அதே திசையும் கொண்ட மற்றொரு துகளை வெளியிடும் நிகழ்வாகும். ஐன்சுடைன் 1917இல் கோட்பாட்டளவில் காட்டிய இந்நிகழ்வைக் கொண்டு, தியோடர் மைமன் 1960 மே மாதம் கலிபோர்னியாவில் செயற்கை மாணிக்கக் கோலிலிருந்து முதல் லேசர் ஒளியைப் பெற்றார். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர் லியான் கோல்டுமன் சில ஆண்டுகளுக்குள் அவ்வொளியை மனிதத் தோலின் மீது செலுத்தி, 1963இல் தம் முடிவுகளை வெளியிட்டார். 694 நானோமீட்டர் அலைநீளமுடைய மாணிக்க லேசரின் செவ்வொளியைத் தோலின் கருநிறமியாகிய மெலனின் மிகுதியாக உறிஞ்சுவதால், கருமயிரும் கருமச்சமும் சிதைய, பக்கத்திலிருந்த வெளிர் தோல் பெரிதும் தப்பியது. நிறத்தைத் தேர்ந்து தாக்கும் கருவி என்னும் கருத்து இங்கு முளைவிட்டது. நிறம் மிகுந்த தோலையும் இது தாக்கும் என்னும் எச்சரிக்கையும் இதனுள்ளேயே அடங்கியிருந்தது.

மரு, பாலுண்ணி போன்ற புடைத்த வளர்ச்சிகளுக்கு உண்மையில் பயன்பட்ட கருவி, மாணிக்க லேசரன்று. மகாராட்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் கற்று, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய குமார் பட்டேல் 1964இல் உருவாக்கிய கார்பன் டை ஆக்சைடு லேசரே அது. அதன் கதிர் 10,600 நானோமீட்டர் அலைநீளமுடைய, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர். அதை உறிஞ்சுவது நிறமியன்று, நீர். உயிரணுக்களில் பெரும்பகுதி நீரே ஆதலால், கதிர் பட்ட திசு நொடிப்பொழுதில் கொதித்து ஆவியாகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் அவ்வெப்பத்தால் அடைபடுவதால் குருதிக் கசிவும் குறைகிறது. 1972இல் பாஸ்டனில் சுடிராங்கும் யாக்கோவும் இதைக் குரல்வளையின் உள்ளே, மருவை உண்டாக்கும் வைரசுக் குடும்பத்தால் விளையும் தீங்கற்ற கட்டிகளை நீக்கப் பயன்படுத்தினர். ஏறத்தாழ அதே காலத்தில் இசுரேலின் ஐசக் கப்லன் பொறியாளர் ஊசி சாரோனுடன் இணைந்து அறுவைக்கேற்ற கருவியை வடிவமைத்தார்.

எனினும், அக்காலத்துக் கருவிகள் கதிரை இடைவிடாது பொழிந்தன. ஆவியான திசுவைச் சுற்றிலும் வெப்பம் பரவி நல்ல தோலையும் வேகவைத்தது. பழைய சூட்டுக்கோலின் குறையே விலையுயர்ந்த உருவில் திரும்பி வந்தது என்று சொல்வது மிகையாகாது. அதற்கு விடை 1983இல் ஆர்வர்டு மருத்துவப் பள்ளியின் ராக்சு ஆண்டர்சனும் சான் பாரிசும் வெளியிட்ட ஒரு கட்டுரையில் கிடைத்தது. சூடேறிய ஒவ்வொரு திசுப்பகுதியும் தன் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திற்கு இழந்து தணிய ஒரு குறிப்பிட்ட நேரம் எடுத்துக்கொள்ளும்; இலக்குக்கு ஏற்ற அலைநீளத்தைத் தெரிந்து, அந்தத் தணிவு நேரத்தினும் குறுகிய துடிப்பாகக் கதிரைச் செலுத்தினால், வெப்பம் அண்டைத் திசுவுக்குப் பரவுமுன் இலக்கு மட்டும் அழியும் என்று அவர்கள் விளக்கினர். சிவப்பு மச்சங்களின் இரத்தக் குழாய்களைக் குறிவைக்கும் துடிப்புச் சாய லேசரும், 1990களில் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைந்த துடிப்புகளில் இயங்கிய கார்பன் டை ஆக்சைடு லேசரும், நீரால் அதனினும் பன்மடங்கு மிகுதியாக உறிஞ்சப்படும் 2,940 நானோமீட்டர் எர்பியம் லேசரும் இந்த அடிப்படையில் வளர்ந்தவை. ஈராயிரம் ஆண்டுகளாகத் தீராதிருந்த ஆழச் சிக்கல் மறைந்துவிடவில்லை. ஆயினும் அது முதன்முறையாகக் கணக்கிடத்தக்கதாயிற்று. இத்துறையின் மெய்யான திருப்புமுனை 1960 அன்று, 1983 என்று கொள்வதே பொருத்தம்.

கருவி செம்மையான பின்னும் மூன்று செய்திகள் பின்தங்கியே அறியப்பட்டன. முதலாவது, புகை. மரு ஒரு தொற்று என்பதை, வடிகட்டிய மருச்சாற்றைத் தம் உடலில் செலுத்திக்கொண்டு இத்தாலியின் சுஃப்போ 1907இலேயே காட்டியிருந்தார். ஆயினும் லேசரால் மருவை ஆவியாக்கும்போது எழும் புகையில் அவ்வைரசின் மரபணுப் பொருள் இருப்பது 1988இல்தான் நிறுவப்பட்டது. புகையுறிஞ்சியும் தகுந்த முகமூடியும் சிகிச்சை அறையின் தேவைகளாக வலியுறுத்தப்பட்டது அதன் பிறகே. அருகிலுள்ள தோலில் வைரசு தங்கிவிடுவதால், லேசரால் நீக்கப்பட்ட மருவும் திரும்ப வரக்கூடும்; சுட்டது மீளாது என்ற சுசுருதரின் உறுதி இங்குச் செல்லாது.

இரண்டாவது, கருந்தோல். முகத்தில், குறிப்பாகக் கன்னங்களில், திரளாகத் தோன்றும் சிறு கரும் வளர்ச்சிகளைக் கொழும்பில் பல ஆண்டுகள் பணியாற்றிய ஆல்டோ காசுடெல்லானி பின்னர் 1925இல் தனி நோயாக விவரித்தார். கருநிறத் தோலினரிடம் மிகப் பரவலான, முற்றிலும் தீங்கற்ற நிலை இது. இந்தியர் முகங்களில் லேசரால் நீக்கப்படும் வளர்ச்சிகளுள் இதுவும் அடங்கும். ஆனால் இத்தகைய தோலில் காயம் ஆறிய இடம் மாதக்கணக்கில் கருத்தோ வெளுத்தோ நிற்பதும், சிலருக்குத் தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்வதும் உண்டு. வெளிர் தோலில் வகுக்கப்பட்ட ஆற்றல் அளவுகளை அப்படியே கையாளுவது இதனால் தவறாகிறது.

மூன்றாவதும் முதன்மையானதும், ஆவியாகிப் போவதை ஆராய முடியாது என்பது. கத்தியால் வெட்டியெடுத்த மச்சத்தை நுண்ணோக்கியில் வைத்து அது புற்றா அன்றா என்று தெளியலாம். லேசர் அந்தச் சான்றை அழித்துவிடுகிறது. மெலனோமா என்னும் கொடிய தோல் புற்று தொடக்கத்தில் ஒரு மச்சத்தைப் போலவே தோன்றக்கூடும். அதன் மேற்பகுதியை மட்டும் லேசர் போக்கினால், அடியிலுள்ளது அடையாளமின்றி வளரும். ஆதலால் அளவிலோ நிறத்திலோ விளிம்பிலோ மாறிவரும் மச்சத்தையும், குருதி கசியும் மச்சத்தையும் லேசருக்கு உட்படுத்தும் முன், தோல் மருத்துவரிடம் காட்டி, அவர் வேண்டுமென்று கருதினால் திசுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவ்வாறு பாராமல் ஒரே அமர்வில் நீக்கித் தருவதாகச் சொல்லும் அழகு நிலையங்களை நாடாதிருப்பதே நலம்.