பெட்டி மாவும் ஒரு முட்டைக் கதையும்

கேக் மிக்ஸைப் பற்றி ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. தண்ணீர் ஊற்றினாலே போதும் என்று அமெரிக்காவில் வந்த பெட்டி மாவு சரியாக விற்கவில்லை, வேலை இவ்வளவு சுலபமாகிவிட்டதே என்று இல்லத்தரசிகள் குற்ற உணர்ச்சியில் தவித்தார்கள், வியன்னாவிலிருந்து குடியேறிய உளவியலாளர் எர்னஸ்ட் டிக்டர், அவர்கள் கையாலேயே முட்டையை உடைத்து ஊற்றட்டும் என்று 1950-களில் யோசனை சொன்னார், விற்பனை ஏறியது. விளம்பரத் துறைப் பாடங்களில்கூட இது உண்மைபோல் சொல்லப்படுகிறது. ஆனால் காலக்கணக்கு இடிக்கிறது.

பிட்ஸ்பர்க் நகரின் பி. டஃப் அண்ட் சன்ஸ் நிறுவனம் மொலாசஸ் வியாபாரம் செய்துவந்தது. கரும்புச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுத்த பாகு அது. அதை மாவோடு கலந்து உலர்த்திப் பொடியாக்கி, தண்ணீர் சேர்த்தால் இஞ்சி கேக் ஆகும் கலவைக்கு ஜான் டஃப் 1930-இல் காப்புரிமை கேட்டார், 1933-இல் கிடைத்தது. அந்தக் கலவையில் முட்டைப் பொடியும் இருந்தது. அதே 1933-இல் அவர் இன்னொரு விண்ணப்பம் போட்டார். முட்டைப் பொடியை எடுத்துவிட்டு, வாங்குபவரே புது முட்டை சேர்க்கும் கலவை அது. பெண்கள் புது முட்டையையே விரும்புகிறார்கள் என்பதை அந்த விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார். டிக்டர் அமெரிக்காவுக்கு வந்தது 1938-இல். உளவியலாளர் கப்பலேறும் முன்பே முட்டை பெட்டியைவிட்டு வெளியே வந்துவிட்டது.

குற்ற உணர்ச்சியே இல்லை என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்கலாம். முடியாது, டிக்டர் பேட்டி கண்ட பெண்கள் சிலருக்கு அது இருந்திருக்கும். ஆனால் புது முட்டையை விரும்ப அதைவிட எளிய காரணம் இருந்தது. முட்டைப் பொடி போட்ட கேக் சட்டியில் ஒட்டியது, வாடை அடித்தது. புது முட்டை ஊற்றியது மெத்தென்று எழும்பியது. நாக்குக்குத் தெரிந்த வித்தியாசத்தை மனக்குறையாக மாற்றிச் சொன்னது அந்தப் பெண்களுக்குச் செய்த அநியாயம். முட்டை கேட்கும் பெட்டிகள் பரவிய பிறகும் 1950-களின் பின்பாதியில் விற்பனை வளர்ச்சி மந்தமாகவே இருந்தது என்பதையும் அந்தக் கதை விழுங்கிவிடுகிறது.

பெட்டி மாவு நிலைத்ததற்கு உண்மையான காரணத்தைக் குக்கியில் பார்க்கலாம். பெட்டியின் முதுகில் சுமார் ஒரு கப் தண்ணீர், அரை கப் எண்ணெய், 3 முட்டை என்று அச்சிட்டிருக்கும். குக்கி செய்பவர் தண்ணீரை முழுவதும் விலக்கி, 2 முட்டையும் எண்ணெயும் மட்டும் சேர்க்கிறார். ஊற்றும் பதம் போய் உருட்டும் பதம் வருகிறது. உருண்டையைச் சர்க்கரைப் பொடியில் புரட்டி 175 டிகிரி செல்சியஸ் ஓவனில் பத்து நிமிடம் வைத்தால், மேல்தோல் முதலில் காய்ந்து இறுகும். உள்ளே மாவு பொங்கும்போது அது வெடித்து, சாக்லெட் மாவாக இருந்தால் வெள்ளைக்கு நடுவே கறுத்த கீற்றுகள் ஓடும். நிறுவனம் கேக்குக்காக அளந்து வைத்த மாவும் சர்க்கரையும் சோடாவும் இங்கே வேறொரு பண்டத்தின் மூலப்பொருள் ஆகிவிடுகின்றன.

இதை வீட்டுப் பலகாரம் என்பதா என்ற ஆட்சேபம் உண்டு. ஆலையில் அரைத்த மாவையும் தொழிற்சாலை பேக்கிங் பவுடரையும் வீட்டுச் சமையலில் இருந்து யாரும் தள்ளி வைக்கவில்லை. கலந்து வந்த பொடி அந்த வரிசையில் அடுத்த படி, அவ்வளவுதான். எங்கே மாற்றுவது என்று தீர்மானித்தது அடுப்படியில் நின்றவரே.

1966-இல் பில்ஸ்பரி நிறுவனத்தின் சமையல் போட்டியில் டெக்சாஸைச் சேர்ந்த எல்லா ஹெல்ஃப்ரிச் என்ற பெண் 'டன்னல் ஆஃப் ஃபட்ஜ்' கேக்குக்கு இரண்டாம் பரிசு வாங்கினார். கேக்கின் மேல் பூச விற்ற ஐசிங் பொடியை அவர் மாவுக்குள்ளேயே கலந்திருந்தார். நடுவில் குழைந்த சாக்லெட் தங்கியது. அந்தக் கேக்குக்காகவே நாடு முழுக்க வளைய வடிவ பண்ட் சட்டிகளைத் தேடி வாங்கினார்கள். பிற்பாடு அந்தப் பொடியின் விற்பனை நின்றபோது, அது இல்லாமல் அதே கேக்கைச் செய்யும் முறையை நிறுவனமே எழுதித் தர வேண்டியிருந்தது.