இற்செறிப்பும் விடுதிக் கதவும்: தில்லி மாணவியர் போராட்டம்

தலைவியின் களவொழுக்கம் ஊரார்க்குப் புலனாகி அலர் எழுந்தவிடத்துத் தாய் அவளை மனையகத்தே தடுத்துக் காத்தலை இற்செறிப்பு என்பது அகமரபு. கல்வியின்பொருட்டு மகளிர் நெடுந்தொலைவு பெயர்ந்த இருபதாம் நூற்றாண்டில் இக்காவல் ஒழிந்துவிடவில்லை. தாயிடமிருந்து விடுதிக் காப்பாளரிடம் சென்றது.

தில்லியில் இதனைத் தெளிவுறக் காணலாம். அங்குப் பல்கலைக்கழகம் 1922இல் நிறுவப்பெற்றது. 1924இல் இந்திரப்பிரஸ்தக் கல்லூரியும் 1948இல் மிராண்டா இல்லமும் மகளிர்க்கெனத் தோன்றின. மாலையில் கதவடைப்பு, வருகைப் பதிவேடு, வெளியே தங்குவதற்குப் பெற்றோர் கடிதம், உள்ளூர்ப் பாதுகாவலரின் கையொப்பம் ஆகியன மகளிர் விடுதிகளின் நடைமுறையாயின. இக்கட்டுப்பாட்டை நம்பியே பெற்றோர் பலர் மகளிரைத் தலைநகருக்கு அனுப்ப இசைந்தனர் எனலாம். கல்விக்குக் கதவைத் திறந்ததும் இரவில் அதை அடைத்ததும் ஒரே விதியே என்பது மறுக்கத்தக்கதன்று. 1969இல் உருவான ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் இதற்கு மாறாக, மாணவியர்க்கு நேர வரையறை விதிக்காத மரபு நெடுங்காலம் நிலவியது.

2012 டிசம்பர் 16ஆம் நாள் தில்லிப் பேருந்தில் நிகழ்ந்த பாலியல் வன்கொடுமையை எதிர்த்து இளையோர் பெருந்திரளாய் வீதிக்கு வந்தனர். மானம் என்று முன்னர்ப் பேசப்பட்டது இப்போது பாதுகாப்பு என்னும் பெயர் பெற்றது. பூட்டு மட்டும் மாறவில்லை. பாதுகாப்பின் பெயரால் பெண்களைக் கட்டுப்படுத்தலாகாது எனப் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த பணிக்குழு 2013இல் அளித்த 'சக்ஷம்' அறிக்கை வலியுறுத்தியது.

எனினும் 2015 ஆகஸ்டில், மாணவியர் இரவில் தாமதித்துத் திரும்புவதற்கிருந்த இசைவை ஜாமியா மில்லியா இஸ்லாமியா விடுதி நிருவாகம் நீக்கியது. தில்லி மகளிர் ஆணையம் விளக்கம் கேட்டது. இச்சூழலில் எழுந்ததே 'பிஞ்ச்ரா தோட்' (கூண்டை உடை) இயக்கம். பல கல்லூரி மாணவியரும் இதில் இணைந்தனர். நூலகம் இரவில் திறந்திருப்பினும் விடுதிக் கதவு முன்னரே அடைபடுமாயின் அந்நூலகம் ஆண்களுக்கே உரியதாகும் என்பது அவர்தம் வாதங்களுள் வலுவானது. அகத்தலைவி காவல் கடந்தது தலைவனைச் சேர; இம்மாணவியர் கடக்க முயன்றது படிக்கவும் நகரில் நடமாடவும். அவள் தோழி ஒருத்தியின் துணையோடு செய்ததை இவர்கள் கூட்டாகவும் வெளிப்படையாகவும் செய்தனர். அலரை அஞ்சாத இவ்வெளிப்படையே விழுமிய மாற்றத்தின் உண்மையான சான்று.

மானியக் குழு 2016இல் அறிவிக்கை செய்த ஒழுங்குமுறைகள், ஆண்களுக்கில்லாத விதிகளைப் பாதுகாப்புக் காரணம் காட்டி மகளிர் விடுதிகளில் புகுத்தலாகாது என்றன. விதி ஏட்டில் ஏறிய அளவிற்கு நடைமுறை விரைந்து மாறவில்லை. இயக்கத்தினுள்ளும் பூசல் எழுந்தது. உயர்சாதிப் பெண்களின் மேலாண்மையைச் சுட்டித் தலித், பழங்குடி, சிறுபான்மைப் பெண்கள் சிலர் 2019இல் விலகினர். யாருடைய கூண்டு முதலில் உடைபட வேண்டும் என்பதே அவர்கள் எழுப்பிய வினா.