வன்னியில் உடையும் சிக்கனமும் – ஒரு வரலாற்று நோக்கு

உணவு, உடை, உறையுள் என மனிதனின் அடிப்படைத் தேவைகளை மூன்றாக வகுத்துரைப்பது மரபு. வன்னி வரலாற்றிலே குளமும் வயலும் பெற்ற இடத்தை உடை பெற்றதில்லை. எனினும், குறைவாக உடை வாங்குவதும் பிறர் உடுத்தவற்றை மீள உடுத்துவதும் இன்று உலகின் பல பாகங்களில் ஓர் அறமாகப் போற்றப்படுகின்றன. அவ்வறம் வன்னி மண்ணில் எப்பொருளைப் பெறும் என்பதை அம்மண்ணின் கடந்த அரை நூற்றாண்டு வரலாற்றைக் கொண்டே அறிதல் வேண்டும்.

1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு இறக்குமதியை இறுகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமையால் விசுவமடு, கிளிநொச்சிக் கமக்காரர் கையில் பணம் புழங்கிற்று. ஆயின், வெளிநாட்டுத் துணியும் அரிதாகவே கிடைத்தது. மூத்தவனின் சட்டை இளையவனுக்கு ஏற்ப வெட்டித் தைக்கப்பட்டது. தாயின் பழஞ்சேலை குழந்தைக்கு ஏணையாயிற்று. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டுத் துணி மலிந்தது. அதே வாயிலால் மிளகாயும் வெங்காயமும் வந்தன. தென்னிலங்கையின் கைத்தறி நெசவாளரும் வடபகுதிக் கமக்காரரும் ஒருங்கே நலிவுற்றனர். மலிவான துணிக்கும் எவரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பின்னர் வந்த போர்க்காலம் சிக்கனத்தை மக்கள்மீது வன்மையாகச் சுமத்தியது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை, 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தம் வரை பல வடிவங்களில் நீடித்தது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியோருள் பெருந்தொகையினர் அடுத்த ஆண்டு வன்னியை வந்தடைந்தனர். அவர்களுக்கு ஒரு மாற்றுடையே பெருஞ்செல்வமாயிற்று. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் பெட்டியிற் பேணிய சேலைகளையும் பெண்கள் வெட்டித் தைத்துப் பதுங்குகுழிகளுக்கு மண்மூடைகளாக்கினர். இறுதியில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வவுனியா முகாம்களை அடைந்தபோது, பலரிடம் எஞ்சியது உடுத்திருந்த உடை மட்டுமே. அங்கே பிறர் உடுத்த உடை நிவாரணமாகக் கையில் வந்தது. அதனை இழப்பின் அடையாளமாகவே ஒரு தலைமுறை நினைவிற் கொண்டிருப்பின், அதில் வியப்பில்லை.

போரின் பின் கிளிநொச்சி அறிவியல்நகரிலும் வவுனியாவிலும் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. மாற்றுடையின்றி நின்ற ஊர்களின் இளம்பெண்கள் மேலைநாட்டார்க்கு ஆடை தைக்கலாயினர். சில முறை உடுத்தபின் வீசப்படும் ஆடைகள் பெருகிவிட்ட காலம் இது. ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய நீர் ஏறத்தாழ 2,700 லீற்றர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. இரணைமடுவின் நீர்மட்டத்தைப் பார்த்தே சிறுபோகத்தைத் தீர்மானிக்கும் கமக்காரனுக்கு அத்தொகையின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. இத்தொழிலின் கொடிய முகத்தை 2013 ஏப்ரலில் வங்காளதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 க்கும் மேற்பட்டோர் மாண்டமை உலகுக்குக் காட்டிற்று.

ஆகவே குறைத்து வாங்குதல் நன்றே. ஆயினும், வாங்குவோர் திடீரெனக் கைவிட்டால் தைப்போர் நிலை என்ன? 2020 இல் கொரோனாத் தொற்றின்போது வெளிநாட்டுக் கொள்வனவாளர் கட்டளைகளை இரத்துச் செய்தனர். இலங்கை ஆடைத் தொழிலாளர் பலர் வேலையையும் ஊதியத்தையும் இழந்தனர். 1977 இல் மலிவின் சுமையைத் தாங்கியோர் உழைப்பாளரே. நாளைய சிக்கனத்தின் சுமையும் அவர்கள்மீதே விழுமாயின், அதனை அறமெனக் கொள்ளல் இயலாது. சில ஆடைகளே போதும் எனத் துணிவோர், அச்சில ஆடைகளுக்கு நியாயமான விலை கொடுக்கவும், அவ்விலை தையற்பொறியின் முன் அமர்ந்திருப்பவளைச் சென்றடைகிறதா என வினவவும் கடமைப்பட்டவராவர்.

வன்னி மக்களுக்குச் சிக்கனம் புதிய பாடமன்று. அதனைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமைதான் அவர்களுக்குப் புதிது. அவ்வுரிமை உறுதிப்படும் நாளில், அக்காவின் சட்டையைத் தங்கை உடுத்துவதில் எவருக்கும் கூச்சம் இராது.