பாட்டுக்குள் ஒளிந்திருந்த அகராதி

பூதலூர் ஸ்டேஷனில் இறங்கி திருக்காட்டுப்பள்ளி வழியாகப் போனால் பூண்டி மாதா கோயில். அதைத் தொடங்கியவர் வீரமாமுனிவர் என்பது ஊர் நம்பிக்கை. கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், ஏலாக்குறிச்சியில் அவர் பல வருஷம் வாழ்ந்தது சரித்திரம்.

நிஜப்பெயர் பெஸ்கி. இத்தாலிக்காரர். 1680-ல் பிறந்து, 1710-ல் கோவாவில் வந்து இறங்கினார். முப்பது வயதுக்கு மேல் புது பாஷையில் நாலு வார்த்தை பேசலாம். காவியம் பாட முடியுமா? 3,615 பாடல்களில் 'தேம்பாவணி' பாடிவிட்டார் மனுஷர்! அதற்கு எத்தனை ஆயிரம் சொற்கள் மண்டையில் இருக்க வேண்டும்!

அந்தக் காலத்தில் சொல் சேர்க்க ராஜபாட்டை, நிகண்டு. அகராதிதான், ஆனால் முழுக்கப் பாட்டு. திவாகரம், பிங்கலம் என்று வரிசையாக உண்டு. பதினாறாம் நூற்றாண்டில் மண்டலபுருடர் விருத்தத்தில் பாடிய சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிப் பையன்கள் தலையை ஆட்டி ஆட்டி உருப்போட்டார்கள். பல பொருள் தரும் சொற்களை அவர் எதுகைப்படி அடுக்கினார். கரி, பரி, அரி என்று இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் ஒன்றைத் தொட்டதும் அடுத்தது தானாக வந்து நிற்கும். கரி என்றால் யானை, அடுப்புக்கரி, சாட்சி. காது ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

ஒரே சிக்கல். ஒரு சொல் வேண்டுமென்றால் பாட்டு முழுக்கத் தெரிந்திருக்க வேண்டும். திண்ணையில் உட்காரக் கொடுத்துவைக்காதவனுக்கும் கடல் தாண்டி வந்தவனுக்கும் கதவு சாத்தியே கிடந்தது. 1594-ல் சிதம்பர ரேவண சித்தர் சொற்களை முதலெழுத்துப்படி அடுக்கிப் பார்த்தார். அதுவும் பாட்டுதான்.

1732-ல் பெஸ்கி பாட்டையே பிரித்துப் போட்டார். சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். அதுதான் 'சதுரகராதி'. நாலு பகுதி: பெயர், பொருள், தொகை, தொடை. முதல் இரண்டும் தேடுகிறவனுக்கு. மூன்றாவதில் முக்கனி, ஐம்பூதம் மாதிரி எண்ணிக்கையால் கட்டிய சொற்கள். நாலாவது எதுகைச் சொற்கள். மனப்பாடக்காரன் பிடித்துத் தொங்கிய கொக்கிகளே இவை! பூட்டை உடைத்தவர் கொக்கியைத் தூக்கி எறியவில்லை.

எறிந்தது நாம்தான். அகர வரிசையை மட்டும் வைத்துக்கொண்டோம். இன்றைக்கு ஜெர்மன், ஜப்பானிய மொழி படிக்கிற பிள்ளைகள் செல்போனில் ஒரு சொல்லைத் தேடுகிறார்கள், கிடைக்கிறது, மறுநாள் அதே சொல்லை மறுபடி தேடுகிறார்கள். தேடி எடுத்த சொல் இரவல். அதையே ஓசை ஒத்த இன்னும் மூன்று சொற்களோடு கோத்து, நாலு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். சொந்தமாகிவிடும்.